நாலாம் பத்தில் கேட்ட தண்ணீர்

வாஷ்றூமுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்து, போன ஆள் வெளியே வராவிட்டால், யோசிக்காமல் கதவைத் தட்ட வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவள் என் மகள் வினிதா. போன வருஷம், தவக்காலத்தின் இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். நான் குசினி மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். பல் வைத்தியரிடம் வேலை முடிந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு சின்னக் கறுப்பு மருந்துப் பைகளை உள்ளித்தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்கு முதல் ஞாயிறுதான் என் மூத்தவன் றெக்சன் வேலைத்தலத்துக் கழிவறையில் விழுந்து கிடந்து, யாரோ ஒரு புண்ணியவான் இந்த மருந்தை மூக்குக்குள் அடித்து அவனை எழுப்பினவன். முதுகு நோவுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசையில் தொடங்கினது, பிறகு டொக்டர் நிறுத்த, இவன் தெருவில் தேடத் தொடங்கினான், அவ்வளவுதான் கதை. அந்த மருந்துக்கு என்ன பெயர் என்று நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன், நலோக்சோன், பார்மசியில் சும்மா கொடுக்கிறார்களாம், காசில்லை. வினிதா ஒரு தலையணையை நிலத்தில் போட்டு, இப்படி நாடியைத் தூக்கவேணும், இப்படி மூக்குக்குள் வைக்கவேணும், இப்படி நெஞ்சை அமத்தவேணும் என்று காட்டினாள். பிறகு எழும்பி நின்று சொன்னாள்: "சத்தம் கேக்கக் கூடாதெண்டு பைப்பைத் திறந்து விடுவினம் அம்மா. தண்ணி நிக்காட்டித் தட்டுங்கோ. பதில் வராட்டிக் கதவை உடையுங்கோ. அந்த நேரம் செபம் சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ. முதல் கதவு, பிறகு செபம்." அந்தக் கடைசிச் சொல்லுக்கு எனக்குக் கோபம் வந்தது. பெற்ற தாய் செபிக்கிறது இவளுக்கு நக்கலாகிப் போச்சே என்று இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாதாவே, அந்த இரண்டு நாளையும் எனக்குத் திருப்பித் தரமுடியுமென்றால் நான் அவள் சொன்னதை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது மாசி மாதம். இந்தச் சமூக நிலையத்தின் நடையில் ஆறு கதிரை போட்டிருக்கிறார்கள், ஆறும் ஒன்றோடு ஒன்று பூட்டின கதிரைகள், ஒருவர் அசைந்தால் எல்லோரும் அசைய வேண்டும். சப்பாத்தில் ஒட்டி வந்த பனி உருகி என் காலடியில் உப்புத் தண்ணீராய் நிற்கிறது. பக்கத்தில் பெற்றோனிலா அக்கா. மடியில் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பயத்தம் பணியாரம், எங்கள் குழுவுக்குக் காசு தாறதோ என்று முடிவெடுக்க உள்ளே இருக்கிற மூன்று பேருக்கும் கொடுக்கவாம். அவர்கள் இதை இலஞ்சம் என்று நினைக்கப்போகிறார்கள் அக்கா என்று சொன்னேன். பணியாரத்துக்குக் காசு தாற ஆக்கள் எண்டால் எப்பவோ தந்திருப்பினம் என்று சிரிக்கிறா. கூப்பிடுகிற பெட்டை போன முறை அவாவைப் பெற்றோல் என்று கூப்பிட்டவளாம், இந்த முறை டீசல் என்று கூப்பிட்டாலும் எழும்பிப் போவேன் என்கிறா. அவாவுக்கு அறுபத்து மூன்று வயது. மகன் செத்து நாலு மாதம். சிரிக்கும்போது இப்பவும் வாயைக் கையால் பொத்துகிறா, சிரிக்க உரிமை இல்லாத ஆள் மாதிரி. நான் அந்தக் கையைப் பார்க்கிறேன், பிறகு எதிரே சுவரில் இருக்கிற மணிக்கூட்டைப் பார்க்கிறேன், பிறகு உப்புத் தண்ணீரை. எங்களுக்கு முன்னால் வேறொரு குழுவின் ஆட்கள் உள்ளே போயிருக்கிறார்கள். கதவுக்கு அப்பால் யாரோ நிறையக் கதைக்கிற சத்தம். அவர்கள் வந்ததும் நாங்கள்.

போதைமருந்தால் பிள்ளைகள் சாகிற இந்தக் காலத்தில் சின்னக் குழுக்களுக்கென்று சின்னக் காசு ஒன்று இருக்கிறது என்று கொண்டுவந்து சொன்னது சாயினி, தமிழ்ச் சங்கத்து அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை. பெரிய நிறுவனமாய் இருக்கத் தேவையில்லையாம், ஒரு செபமாலைக் குழுவும் போதுமாம். கோயில் மண்டபத்தில் தாய்மாரைக் கூப்பிட்டு, ஒரு பார்மசிக்காரரை வைத்து, தமிழில் அந்த மருந்தைப் பழக்க வேண்டும், தேத்தண்ணிக்கும் அதை விளக்குகிற தமிழ்த்தாள் அடிக்கவும் அந்தக் காசு போகும். விண்ணப்பத்தை அக்காவின் வீட்டில் வைத்துத்தான் நிரப்பினோம். உங்கள் குழுவுக்கு இதில் என்ன நேரடி அனுபவம் என்று ஒரு கேள்வி. அக்கா செத்துப்போன தன் மகன் மெல்வினைப் பற்றிச் சொன்னா, அழாமல், பிறந்த திகதியிலிருந்து சொன்னா. பிறகு என் தோளில் கையைப் போட்டு, இவவைப் பற்றியும் எழுதும் பிள்ளை என்றா. தன்ர வீட்டில அப்படி ஒரு பிரச்சினையும் இல்லாமலே ஊர்ப் பிள்ளையளுக்காக அந்த மருந்தைக் கைப்பைக்குள்ள கொண்டு திரிஞ்ச மனுசி எண்டு எழுதும். சாயினி அதை இங்கிலீசில் தட்டினாள். தட் தட் தட் என்று அந்தச் சத்தம். நான் என்ன செய்தேன்? மாட்டேன் என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன், வெட்கப்படுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு மனுசி பொய்யை மறுக்கப் போனாலும் அது அடக்கமாய்த் தெரிகிறது என்றால் அவள் எங்கே போவாள். அந்தப் போமில் இப்போது என் பெயர் இருக்கிறது. உள்ளே போனதும் அந்த மூன்று பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அக்கா என்னிடம் கேட்டதும் அதுதான், நீர் வந்து அண்டைக்கு என்ன செய்தனீர் எண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பாக்கிறன்.

அன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முதல் ஒரு வருஷம் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் பதினொரு பேர். வியாழக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாய்ச் செபமாலை. தொடங்க முதல் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும், யாருக்காக, எதற்காக என்று. பேத்தியின் சோதனைக்காக, கனடாவுக்கு வர நிற்கிற தம்பிக்காக, முழங்கால் ஒப்பறேசனுக்காக. வெளியே சொல்ல முடியாததென்றால் ஒரு விசேட கருத்துக்காக என்று சொன்னால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒழுங்கு. கடவுளுக்குத் தெரியும்தானே. நான் ஒரு வருஷம் விசேட கருத்து. எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நிற்கிற பெற்றோனிலா அக்காவும் அதே வருஷம் விசேட கருத்து. ஒருமுறை அவா என் காதுக்குள், உமக்கும் எனக்கும் ஒரே நேர்த்தி போல கிடக்கு எண்டு பகிடி விட்டா. நானும் சிரித்தேன். ஒரே நேர்த்திதான். அவா தன் மெல்வினுக்காக, நான் என் றெக்சனுக்காக. பொடியன்கள் இரண்டு பேரும் கோயிலில் ஒரே ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள், ஒரே நாள் முதல்நன்மை எடுத்தவர்கள், படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரு முழ இடைவெளியில் இரண்டு தாய்மார் ஒரே நோயைச் சொல்லாமல் சொல்லி மன்றாடினோம். நான் வாய் திறந்திருந்தால் அவாவும் திறந்திருப்பா. அவாவின் வீட்டிலும் ஒரு கறுப்புப் பை இருந்திருக்கும். அவாவும் தலையணையில் பழகியிருப்பா. எனக்கு என் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். வினிதாவுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், அதுவும் சரிவரவில்லை, ஆனால் அந்தப் பயம் மட்டும் சரியாய் வேலை செய்தது.

ஐப்பசி, செபமாலை மாதம், இரண்டாம் வியாழன், அக்காவின் வீடு. வாசலில் பதினொரு சோடிச் சப்பாத்து, அதற்குள் ஒரு பெரிய ஆண் சப்பாத்து, மஞ்சள் நூல் கட்டினது, ஆகவே மெல்வின் வீட்டில்தான் என்று எனக்குத் தெரியும். இதை நான் பிறகு கண்டுபிடிக்கவில்லை. அப்போதே தெரியும். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி, குசினியில் கட்லற் வாசம். வியாழன் என்றபடியால் ஒளியின் தேவ இரகசியங்கள், ஐந்து பத்து, ஒவ்வொரு பத்துக்கும் செபமாலையில் பத்து மணி. நாலாம் பத்து, ஆண்டவர் மலையில் உருமாறினது. அதை முன்சொன்னது நான். விரலில் முதலாம் மணி. இரண்டாம் மணியில் கீழே பேஸ்மென்றில் பைப் திறந்தது. அந்தச் சுவருக்குள்ளால் வருகிற சத்தம், முதலில் ஒரு இருமல், பிறகு ஒரே சீராய் ஓடுகிறது. கை கழுவுகிற தண்ணீர் விட்டுவிட்டு ஓடும், கைக்குக் கைக்கு முறியும். குளிக்கிற தண்ணீர் தொப்தொப்பென்று விழும். இது ஒன்றிலும் முறியாமல் ஓடின தண்ணீர். இது எனக்குத் தெரியாது என்று நான் யாருக்குச் சொல்ல, என் வீட்டில் ஆறு மாதம் நான் கேட்டது இதைத்தானே. மூன்றாம் மணி. சட்டை தோய்க்கிறானாக்கும் என்று நினைத்தேன். நாலாம் மணி. என் வீட்டில் ஒருநாள் இப்படித்தான் ஓடிப்போய்க் கதவை அடித்து, றெக்சன் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு திறந்து, அம்மா, மனுசன் தாடி வழிக்கவும் பெர்மிற் எடுக்கவேணுமோ என்று கேட்டவன். அந்த வெட்கம் ஞாபகம் வந்தது. ஐந்தாம் மணி. என் வலது முழந்தாள் நிலத்தை விட்டு எழும்பிவிட்டது. மாதாவே, எழும்பினதுதானே, நீ பார்த்தாய். எழும்பி என்ன சொல்வது? கீழே ஒருக்கால் பாருங்கோ என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் தண்ணீர் என்பேன். தண்ணீர் என்றால் உனக்கெப்படித் தெரியும் என்று பத்து முகமும் என்னைப் பார்க்கும், பத்து முகத்துக்குப் பின்னால் றெக்சன் நிற்பான். எழும்பின முழந்தாள் அந்தரத்தில் நின்றது. அக்கா பார்த்தா. எனக்குக் கால் நோகுதாக்கும் என்று, தான் முழந்தாளுக்கு வைத்திருந்த குஷனை இழுத்து, சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளினா. தன் முழந்தாளை வெறும் பலகையில் வைத்தா. நான் அந்தக் குஷனில் இறங்கினேன். ஆறாம் மணி. அந்தக் குஷன் சூடாய் இருந்தது, அவாவின் சூடு. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன், தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்காதபடி. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பிறகு ஐந்தாம் பத்து முழுக்க. பிறகு கிருபை தயாபத்துச் செபம். பிறகு மாதா பிரார்த்தனை, அத்தனை பெயரும். பிறகு பாட்டு, அதில் இரண்டு அடி, அன்றைக்கென்று யாரோ மூன்றாம் அடியையும் தொடங்கினார்கள். அவ்வளவு நேரமும் தண்ணீர் ஓடினது.

மெல்வின், கதிரையள் கொஞ்சம் மேல கொண்டு வா அப்பன் என்று அக்கா படியில் நின்று கூப்பிட்டா. இரண்டாம் முறையும் கூப்பிட்டா. மூன்றாம் முறை கூப்பிட முதல் நான்தான் கைப்பையோடு படியால் இறங்கினேன். எல்லோரும் சொல்வது அதைத்தான், எமில்டா பறந்து போனா. கதவை யார் உடைத்தது என்று ஞாபகமில்லை. நான் நாடியைத் தூக்கினேன், மூக்குக்குள் அடித்தேன், நெஞ்சை அமத்தினேன், இரண்டாவதையும் அடித்தேன். அவனுடைய கை சுண்டிப்போய், தண்ணீரில் நனைந்த உடுப்பு மாதிரிக் கிடந்தது. தண்ணீரைப் பூட்டினது யார், அதுவும் தெரியாது. வந்த பொடியன், அம்புலன்ஸ்காரன், சின்ன வயது, என் பக்கத்தில் குந்தி எவ்வளவு நேரம் என்று இங்கிலீசில் கேட்டான். அக்கா தெரியாது என்று தலையில் அடித்தா. அவன் என்னைப் பார்த்தான். நாலாம் பத்தின் இரண்டாம் மணியிலிருந்து பாட்டின் மூன்றாம் அடி வரைக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் டோன்ற் நோ என்று சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். இந்த மருந்து எங்கால என்று பெண்டுகள் கேட்டபோது, லைப்ரரியில் சும்மா கொடுத்தார்கள், நல்ல காரியம்தானே என்று எடுத்து வைத்தேன் என்றேன். பொய் எவ்வளவு கெதியாய் வந்தது. அதற்குச் செபமாலையில் ஒரு மணி உருட்டுகிற நேரம் கூட எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய அக்கா எல்லோரையும் இருத்தி, இனி இந்தக் குழுவில விசேட கருத்து எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது, பேரைச் சொல்லுங்கோ, என்ன வருத்தம் எண்டு சொல்லுங்கோ என்றா. பிறகு இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொன்னார்கள், அழுது அழுது சொன்னார்கள், மற்றவர்கள் அவர்களைக் கட்டிப் பிடித்தார்கள். என் முறை வந்தது. மெல்வினின் ஆத்துமத்துக்காக என்று சொன்னேன். அக்கா வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினா. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், தண்ணீரையும் சொன்னேன், குஷனையும் சொன்னேன். கடவுள் மன்னித்துவிட்டார் அம்மா, ஒரு பத்துச் செபமாலை சொல்லுங்கோ என்றார். ஒரு பத்து. இன்றைக்கு வரைக்கும் அதை முடிக்கவில்லை நான். இரண்டாம் மணியில் விரல் நின்றுவிடுகிறது. கடவுள் மன்னிக்கலாம், அவருக்கு மெல்வின் கிட்டத்தானே இருக்கிறான். இந்தக் கதிரையில் இருக்கிற மனுசிக்குத்தான் அவன் இல்லை. இவாவுக்குத் தெரியாமல் நான் வாங்கின மன்னிப்பை எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை.

றெக்சன் இன்று காலமை, பார்மசிக்குப் போய்த் போதை ஆசை எழும்பாமல் இருக்கத் தாற மருந்துத் தண்ணியைக் குடித்துவிட்டு, என்னை இங்கே காரில் கொண்டுவந்து விட்டவன். பத்து மாதமாய் ஒரு நாள் தவறவில்லை. இறங்கும்போது, என்ர கதையையும் சொல்லுங்கோ அம்மா, எனக்கு வெக்கமில்லை, உங்களுக்குத்தான் என்றான். குத்திச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான். ஆனால் அன்றைக்கு நான் கேட்ட தண்ணீரைப் பற்றி அவனுக்கும் தெரியாது. அவனுடைய கதையைச் சொன்னால் அடுத்த கேள்வி தண்ணீரில்தான் வந்து நிற்கும். பிள்ளையின் பெயரை மறைக்கத்தான் தொடங்கினேன், இப்போது பிள்ளையின் பெயருக்குப் பின்னால் நான் ஒளிந்திருக்கிறேன். எல்லாம் போகட்டும். இந்தக் காசு கிடைத்தால் கோயில் மண்டபத்தில் கொடுக்கப்போகிற தமிழ்த்தாள் சாயினியின் பைக்குள் இருக்கிறது. தாய்மார் கவனிக்க வேண்டிய அடையாளம் என்னென்ன என்று அவள் எங்களைக் கேட்டு எழுதினவள். கண்மணி சுருங்கும். உதடு நீலம் பாயும். மூச்சு குறட்டை மாதிரி இழுக்கும். எட்டு வரி. அன்ரி, வேற ஏதும் இருக்கோ என்று என்னைத்தான் கேட்டாள், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இல்லை, இவ்வளவும் காணும் என்றேன். ஒன்பதாவது வரி என் தொண்டைக்குள் கிடக்கிறது. எந்தப் பேஸ்மென்றில், எந்தத் தாய் மேலே இருந்து கருவேப்பிலை ஆய்ந்துகொண்டு, பிள்ளை குளிக்கிறானாக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளோ. இனி அவளுக்கும் நான் மறைக்கிறேன். ஒருவனுக்குச் செய்தது பயத்தில் செய்தது என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர்.

சொன்னால் அக்கா என்னை விட்டுப் போய்விடுவா. இந்த நாலு மாதமும் அவா விடிய எழும்பி முதல் போன் எடுப்பது எனக்கு, சாப்பிட்டனீரோ என்று கேட்க. மெல்வினைக் கடைசியாய்த் தொட்ட கை என்று இந்தக் கையைத் தடவுகிறா. அந்தக் கை நேரத்துக்கு எழும்பவில்லை என்று தெரிந்தால், பிள்ளை போன இடத்தில் இருந்த ஒரே ஆறுதலையும் நான் பிடுங்கின மாதிரி ஆகாதா? பார், திரும்பவும் தொடங்கிவிட்டேன். அவாவின் ஆறுதலுக்காக என்று. அன்றைக்கும் இப்படித்தான், செபம் குழம்பக் கூடாது என்று, வந்த சனத்தின் மனம் குழம்பக் கூடாது என்று, ஒவ்வொரு மணிக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. நல்ல காரணம் எனக்கு எப்போதும் குறைந்ததில்லை. கதவு திறக்கிறது. முன்னால் போன குழுவின் ஆட்கள் கையில் கோட்டோடு வருகிறார்கள், ஒரு கிழவர் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துப் போகிறார். கூப்பிடுகிற பெட்டை தாளைப் பார்த்து வாயைக் கோணி, இந்த முறை சரியாய்ச் சொல்லிவிட்டாள், பெற்றோனிலா. அக்காவுக்குப் பெரிய சந்தோசம். பணியாரப் பெட்டியைக் கக்கத்தில் வைத்து, சால்வையை இழுத்துச் சரிசெய்து, எனக்குக் கை நீட்டுகிறா. வாரும் பிள்ளை, பயப்பிடாதையும், நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான் என்கிறா. பூட்டின கதிரைகள் ஆறும் ஆடுகின்றன. நான் அந்தக் கையைப் பிடித்தேன். எழும்பவில்லை. என் குரல் எனக்கே யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்டது.

"அக்கா, அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லி ஒரு ஐஞ்சு நிமிசம் கேளுங்கோ. அண்டைக்கு நடந்ததை அவைக்கு முதல் உங்களுக்குச் சொல்லவேணும். கேட்டாப் பிறகு நீங்கள் தனியப் போறதெண்டாலும் போங்கோ. இப்ப கொஞ்சம் இதில இருங்கோ."